நேரம் கரைக்கிற இடம்

எங்கள் அறையில் சாலை சத்தமில்லாமல் ஓடும். சுவர் முழுக்கத் திரைகள். லாரி, பஸ், கார், வேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், போகும். ஒரு ஹார்ன் கேட்காது. ஏ.சி. மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும். பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். "கண்ணு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். நாற்காலியைக் காட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் சோடாபுட்டி. அவன் கண்ணாடி அத்தனை தடிமன். "கண்ணு நல்லாத் தெரியுமான்னு உன்கிட்ட யாரும் கேக்கலையாடா?" என்று மேடம் அவனை வம்புக்கு இழுப்பார்.

"கேட்டாங்க மேடம். கேட்டது யாருன்னுதான் சரியாத் தெரியல" என்பான்.

மேடம்தான் எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பு. எந்நேரமும் பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பார். கோபம் வந்தாலும் வெந்நீர், சிரிப்பு வந்தாலும் வெந்நீர். செல்போனை யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. வெளியே இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஒருத்தன் ரோந்து வண்டி எங்கே நிற்கிறது என்று சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவன் வேலையும் போய், அவன் மேலதிகாரி வேலையும் போய், அதிலிருந்து இந்த ஏற்பாடு.

நாங்கள் பார்க்கிற விரைவுச்சாலைக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று தடம். உள் தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் நடுத் தடத்துக்கு வந்துவிட வேண்டும். வெளித் தடம் லாரிகளுக்கும் வேன்களுக்கும். அதற்கும் வெளியே, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பழுதான வண்டி ஒதுங்குவதற்கு ஓர் ஓரம். பலகையில் எழுதியிருப்பது இதுதான். ஓடுவது வேறு. லாரிகள் உள் தடத்தில் குடித்தனம் நடத்தும். அவற்றைத் தாண்ட கார்கள் வெளித் தடத்துக்குள் புகுந்து பாயும். பைக் வரவே கூடாத சாலையில் பைக் வரும், அதுவும் சில சமயம் எதிர்த்திசையில்.

வேகத்தைப் பிடிக்க இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். வாசல் என்றால் சாலைக்குக் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டம், மேலே கேமரா. முதல் வாசலில் வண்டி எண்ணும் நேரமும் பதிவாகும். இரண்டாவது வாசலிலும் பதிவாகும். இடையில் இருக்கும் தூரத்தை எவ்வளவு சீக்கிரத்தில் கடந்தாய் என்று கணக்குப் போட்டு, வரம்பை மீறியிருந்தால் அபராதம் வீடு தேடி வரும். முன்பு ஒரே இடத்தில் கேமரா இருந்தது. அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் பிரேக்கை அழுத்தி நல்ல பிள்ளையாகிவிட்டு மறுபடி பறந்தார்கள். அதற்காகத்தான் இரண்டு வாசல்.

டிரைவர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் வாசலைத் தாண்டியதும் பறப்பது. இரண்டாவது வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரத்தில் நிறுத்தி, கணக்கு நேராகும்வரை காத்திருப்பது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் நேரம் கரைப்பது. "எங்கடா இருக்கே?" "வாசல்கிட்ட நேரம் கரைச்சிட்டிருக்கேன்." சாலை ஓரத்து டீக்கடைகளில் சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

என் அண்ணனும் நேரம் கரைக்கிறவன்.

அண்ணன் ஓட்டுவது சலவை வேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் போடும் பச்சை அங்கி எல்லாம் அழுக்காக அதில் போகும், வெளுத்துத் திரும்பி வரும். வெள்ளை வேன்தான், ஆனால் பின்பக்கத்து இடது கதவு மட்டும் பழைய வேனிலிருந்து கழற்றி மாட்டியது. லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கும். எத்தனை வெள்ளை வேன் போனாலும் எனக்கு அந்தக் கதவு தெரிந்துவிடும்.

வீட்டில் நானும் அண்ணனும் அண்ணியும்தான். சாப்பிட உட்காரும்போது அண்ணன் என்னைச் சீண்டாமல் இருக்க மாட்டான். பேசாமல் இருப்பதால் எனக்குச் சிலேட்டு என்று பெயர். எழுதினால்தான் எதையாவது சொல்லுமாம்.

"என்ன சிலேட்டு, இன்னிக்கு எத்தனை பேர் வயித்துல அடிச்சீங்க?"

"வேகமா வந்துட்டு நிக்கறதுக்கு மெதுவாவே வரலாம்ல?" என்றேன் ஒருநாள். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே அண்ணிக்கு ஆச்சரியம்.

"நல்லாக் கேளு. நான் கேட்டா அந்தக் காதுல வாங்கி இந்தக் காதுல விடறார். நீ கேட்டாலாவது நடுவுல தங்குதான்னு பாப்போம்" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒருநாள் வந்து ஓட்டிப் பாருங்க" என்றான் அண்ணன். "நேரா ரோடு. ஒரு மரம் கிடையாது, ஒரு மாடு கிடையாது. பின்னாடி மெத்துமெத்துன்னு துணி மூட்டை. எண்பதுல போனா தாலாட்டற மாதிரி இருக்கு, கண்ணு சொக்குது. பறந்தாத்தான் முழிப்பு வரும். பறந்து வந்து வாசல் முன்னாடி நிறுத்தி ஒரு குட்டித் தூக்கம். நேரமும் கரையும், தூக்கமும் தீரும்."

"ஏற்கெனவே ரெண்டு கேஸ் இருக்கு உன் மேல."

"அதனாலதானே நிறுத்தறேன்!" என்று அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். "மூணாவது வந்தா லைசென்சைப் பிடுங்கிடுவாங்கன்னு சட்டத்துக்கு மரியாதை கொடுத்துத்தானே நிக்கறேன்? வேற எவனாவது இவ்வளவு பணிவா இருப்பானா?"

அண்ணன் மேல் இருந்த இரண்டில் ஒன்று வேகம். மற்றது, உள் தடத்தைவிட்டு நகராமல் ஒட்டிக்கொண்டே போனது. அந்த இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டான். "முந்திக்கிட்டே இருந்தேன். முந்தி முடியல. அதுக்கு நான் என்ன பண்றது?"

நிற்பதுதான் ஆபத்து என்று நான் அவனிடம் சொல்ல நினைத்தேன். சேர்ந்த புதிதில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் ஒருவர் காரை நிறுத்திவிட்டு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்பேனர் மேல் காலை வைத்து ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரி தடம் மாறவில்லை, பிரேக் போடவில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெல்ல வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. சத்தமே இல்லை. லாரி போனபிறகு அந்த இடத்தில் கார் வேறு மாதிரி இருந்தது. அவரைக் காணவில்லை. மேடம் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வெந்நீரைக் குடிக்க வைத்தார். அதை எப்படிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்வது? ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும், திரும்பிப் போய்விடும்.

வண்டி ஓரத்தில் நின்றால் எங்கள் திரையில் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் வரும், கூடவே டிக் டிக் என்று ஒலிக்கும். மூன்று பட்டன் இருக்கிறது. கவனிப்பில், பழுது, ரோந்து. ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் ஒலி நிற்கும். நேரம் கரைக்கிறவர்களுக்கெல்லாம் நாங்கள் கவனிப்பில் என்று அமுக்கிவிடுவோம். "இவங்களுக்கெல்லாம் ரோந்து அனுப்பினா ரோந்து வண்டி வீட்டுக்கே போக முடியாது" என்பார் மேடம். அண்ணன் வேனுக்கும் நான் அப்படித்தான் அமுக்கினேன். அமுக்கிவிட்டு, அது நகரும்வரை வேறு திரையைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு நல்ல வெயில். திரையில் சாலை பளபளவென்று தண்ணீர் விட்டதுபோலத் தெரிந்தது. மேடம் நாற்காலிக்குப் பின்னால் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வளைவுக் கேமராவில் ஒரு லாரி வந்தது. மேலே நீலத் தார்ப்பாய், கனத்த பாரம். உள் தடத்திலிருந்து நடுத் தடத்துக்கு வந்தது. நடுத் தடத்திலிருந்து வெளித் தடத்துக்கு வந்தது. வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று உள்ளே திரும்பியது.

"தூங்கறான்" என்றான் சோடாபுட்டி.

"போன் பாக்கறானோ என்னவோ" என்றார் மேடம்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். போன்ல தூங்கறான்."

"பலகையில போடு. விழித்திருங்கள், தடத்தில் செல்லுங்கள்னு போடு."

"தூங்கறவன் எப்படி மேடம் படிப்பான்?"

"படிக்கிறது அவன் வேலை. போடறது நம்ம வேலை. போடு."

சாலைக்கு மேலே தொங்கும் மின்பலகைக்கு சோடாபுட்டி அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதுதான் என் திரையில் டிக் டிக் கேட்டது. இரண்டாவது வாசலுக்கு முன்னால் ஆரஞ்சு நிறப் போன் கம்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கட்டம். உள்ளே வெள்ளை வேன். இடது பின்கதவு மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தது. முன் ஜன்னலில் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் தூங்கத் தொடங்கிவிட்டான்.

லாரி வளைவைத் தாண்டிவிட்டது. அதே சாலை, அதே பக்கம். நடுவில் ஓய்விடம், அப்புறம் ஒரு மேம்பாலம், அதற்கப்புறம் அண்ணன்.

ஆரஞ்சுப் போன் எதற்கென்றால், வண்டி பழுதானவர்கள் எடுத்தால் எங்களுக்கு நேராக வரும். நாங்களும் இங்கிருந்து அதை அடிக்கச் செய்யலாம். ஆனால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தவுடன் வண்டி எண் பதிவாகி வழக்கு விழும் என்று டிரைவர்களிடையே ஒரு நம்பிக்கை. எஞ்சின் பற்றி எரிந்தாலும் அரை மைல் நடந்து போய் வேறு யாரிடமாவது செல்போன் வாங்கிப் பேசுவார்களே தவிர அந்த ரிசீவரைத் தொட மாட்டார்கள்.

அடித்தேன். என் காதில் மாட்டியிருந்த கருவியில் மணி போய்க்கொண்டிருந்தது. பாதங்கள் அசைந்தன. உள்ளே போயின. அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். லுங்கியை உதறுவதுபோல பேன்ட்டை உதறி இழுத்துவிட்டுக்கொண்டு கம்பத்துக்கு வந்தான். இடுப்பில் கை வைத்துப் போனையே பார்த்தான். எடு, எடு என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு சோடாபுட்டி திரும்பிப் பார்த்தான். அண்ணன் சிரித்தான். தலையை நிமிர்த்தி நேராகக் கேமராவைப் பார்த்தான். நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டான். எனக்குப் போட்டானா, முகம் தெரியாத யாருக்கோ போட்டானா, தெரியாது. திரும்பிப் போய் ஏறிக்கொண்டான். பாதங்கள் மறுபடி வெளியே வந்தன.

"மேடம், லாக்கர் சாவி வேணும்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"ஒரே ஒரு போன். அது எங்க அண்ணன்."

மேடம் என் திரைக்கு வந்து குனிந்தார். பாதங்களைப் பார்த்தார். சோடாபுட்டியின் திரையைப் பார்த்தார். லாரியை அங்கே காணோம், வளைவுக் கேமரா காலியாக இருந்தது.

"அண்ணனா?" என்றார் மெல்ல. "அப்போ கண்டிப்பா நீ போன் பண்ணக் கூடாது. நிக்கிற வண்டிக்கு இங்கிருந்து ஒருத்தர் சொல்லி அனுப்பினாங்கன்னு ஆச்சுன்னா உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு. எனக்கு ரெண்டு பசங்க படிக்கிறாங்க."

"மேடம், லாரி வருது."

"ரோந்து பக்கத்துலதான் இருக்கு. அமுக்கினா உடனே வந்துடுவான். இல்லைன்னா கவனிப்புல போட்டுட்டு விடு." பிளாஸ்க்கைத் திறந்தார். "நான் எதையும் பாக்கல. நீயே முடிவு பண்ணு."

டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பழுதில்லாமல் ஓரத்தில் நிற்பதும் குற்றம்தான், ரோந்து வந்தால் மூன்றாவது கேஸ். லைசென்ஸ் போகும். வராவிட்டால்? ஸ்பேனரை மிதித்துக்கொண்டிருந்தவர் நினைவுக்கு வந்தார். என் விரல் ரோந்தை அமுக்கியது.

அதற்கப்புறம் நான் அந்தப் பாதங்களைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ரோந்து வண்டி வந்து வேனுக்குப் பின்னால் நின்றது, சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சுழன்றது. எங்கள் ரோந்துக்காரருக்கு விசில் என்று பெயர். வயர்லெஸ்ஸில் பேசும்போது பல் இடுக்கில் காற்று போகும். அவர் ஜன்னலைத் தட்டினார். அண்ணன் இறங்கினான். பேசினான். வேனைக் காட்டினான், டயரைக் காட்டினான், போனட்டைத் திறந்து காட்டினான். விசில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அண்ணன் கையைக் கூப்பினான். அவன் கை கூப்பி நான் பார்த்ததில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. இங்கே ஏ.சி. மட்டும் உறுமியது.

லாரி வரவில்லை.

"ஏ, இங்க பாரு" என்றான் சோடாபுட்டி. ஓய்விடத்துக் கேமராவில் நீலத் தார்ப்பாய். கோட்டுக்குள் ஒழுங்காக, ஒரு அங்குலம் கூட மீறாமல் நிறுத்தியிருந்தது. டிரைவர் தரையில் குந்தி உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பலகையைப் படிச்சிருக்கான்" என்றார் மேடம். அவருக்கே நம்ப முடியவில்லை.

அன்று மாலை அண்ணன் நடுக்கூடத்தில் நின்றுகொண்டே கத்தினான். "எவனோ ஒருத்தன். குளுகுளுன்னு ஏ.சி.யில உக்காந்துக்கிட்டு ஒரு பட்டனை அமுக்கியிருக்கான். ஓரமா, யாருக்கும் தொந்தரவு இல்லாம நின்னுட்டிருந்தேன். அந்த ஆரஞ்சுப் போன் வேற அடிக்குது. எடுத்திருந்தேன்னா அப்பவே மாட்டியிருப்பேன்."

"எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அடிச்சேன். பட்டனும் நான்தான் அமுக்கினேன்."

அண்ணி போய் அடுப்பை அணைத்தாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான்னு தெரிஞ்சுதான் அமுக்கினியா?"

"கதவு தெரிஞ்சுது. பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. டிரைவர் தூங்கிட்டிருந்தார். தடம் மாறி மாறி வந்துச்சு."

"வந்துச்சா?"

"இல்ல. ஓய்விடத்துல திரும்பிடுச்சு."

"வரல" என்றான். "வராத லாரிக்குப் பயந்து இருந்த லைசென்சை அனுப்பிட்டே." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டியது கீழே விழுந்தது. எடுக்கவில்லை, உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

லைசென்ஸ் திரும்பி வரும்வரை முதலாளி அவனைச் சலவைக் கூடத்துக்குள் போட்டார். ஆவி பறக்கும் இயந்திரத்திலிருந்து விரிப்புகளை எடுத்து மடிக்கும் வேலை. எதிரே ஒருத்தர் அந்த இரண்டு முனை, இவன் இந்த இரண்டு முனை. வீட்டுக்கு வரும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவன் வேனை வேறு ஒருத்தன் ஓட்டினான். அதைச் சலவைக் கூடத்து வாசலில் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டான். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். "அவளைத் தண்ணி எடுத்து வைக்கச் சொல்லு" என்று அண்ணியிடம் சொல்வான்.

"அவளே இங்கதான் நிக்கறா. சுவருக்கா சொல்றீங்க?"

"சுவருன்னா சும்மா இருக்கும். பட்டன் அமுக்காது."

ஒருநாள் துணி துவைக்கும்போது அண்ணி என் பக்கம் குனிந்து, "அவர்கிட்ட சொல்லிடாதே. இந்தக் கொஞ்ச நாளாத்தான் நான் நிம்மதியா இருக்கேன். போன் அடிச்சா பக்குன்னு ஆகறதில்ல" என்றாள். வாளியை நகர்த்திக் கொடுத்தேன்.

லைசென்ஸ் திரும்பி வந்த அன்று அண்ணன் குளித்து, நல்ல சட்டை போட்டு, வேனைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தான். சாப்பிடும்போது, எத்தனையோ நாளுக்கப்புறம், என் பக்கம் திரும்பினான்.

"சிலேட்டு."

"ம்" என்றேன்.

"ஓய்விடம் தாண்டி ஒரு மேம்பாலம் வருதே. அதுக்கு அடியில உங்க கேமராவுக்குக் கண்ணு தெரியாதாமே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நன்றாகத் தெரியும், எறும்பு போனாலும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்து பழகியவர்களுக்குத்தான் பொய் சட்டென்று வரும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரி, சொல்லிட்டே" என்று சிரித்தான் அண்ணன். அந்தப் பழைய சிரிப்பு. அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க நிக்காதே அண்ணா. வெளிச்சத்துலேர்ந்து நிழலுக்குள்ள வர்றவங்களுக்கு ஒரு நிமிஷம் கண்ணே தெரியாது. வேன் நிக்கறதே தெரியாது."

"சரி சரி" என்றான். அண்ணி எதைச் சொன்னாலும் அவன் சொல்கிற அதே சரி சரி.

மறுநாள் மேடத்திடம் பாலத்துக்கு அடியில் ஒரு கேமரா வைக்க முடியுமா என்று கேட்டேன். நானாகப் போய் ஒன்று கேட்டது அதுதான் இரண்டாவது தடவை. "நான் எழுதிப் போட்டு எவ்வளவோ நாளாச்சும்மா. வரும்" என்றார்.

"வரும், வரும்" என்றான் சோடாபுட்டி. "மேடம் ரிட்டையர் ஆகற அன்னிக்கு வந்து மாலை போடும்."

கேமரா வரவில்லை. அண்ணன் வேன் வந்தது. ஓய்விடத்துக் கேமராவில், உள் தடத்தில், முன்னால் போன காரை விரட்டிக்கொண்டு பறந்தது. பாலத்தின் நிழலுக்குள் போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேமராவுக்குக் கண்ணைத் திருப்பினேன். விரட்டப்பட்ட கார் வெளியே வந்தது. ஒரு பஸ் வந்தது. இரண்டு லாரி வந்தன. வேன் வரவில்லை.

இந்த இடத்தில் மஞ்சள் கட்டம் வராது. டிக் டிக் கேட்காது. அமுக்குவதற்குப் பட்டனே கிடையாது. ரோந்தைக் கூப்பிடலாம். பழைய மூன்றும் போகவில்லை, அதன் மேல் இன்னொன்று விழுந்தால் இனி ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது என்று அவனிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். பாலத்துக்கு அடியிலும் ஓர் ஆரஞ்சுப் போன் இருந்தது. அடித்தேன். பேச்சு பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

காதுக்குள் சாலை கொட்டியது. இத்தனை நாள் பார்த்த சாலையின் சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். ஒரு லாரி போனால் பாலமே இடிந்து விழுவதுபோல இருக்கிறது. அதற்குள் அது போய்விடுகிறது, அடுத்தது வருகிறது.

"என்ன சிலேட்டு?" என்றான் அண்ணன்.

"எப்படித் தெரியும் நான்னு?"

"வேற எவன் எனக்குப் போன் பண்ணப்போறான்? நீதான் எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே. எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"கிளம்பு அண்ணா."

ஒரு லாரி போனது. அவன் சொன்னது கேட்கவில்லை. "என்ன?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கரையணும்னேன். இப்பக் கிளம்பினா வாசல்ல கணக்கு இடிக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் விரிப்புதான் மடிக்கணும்."

அவன் சொன்னது சரி. இப்போது கிளம்பினால் இரண்டாவது வாசலில் மாட்டுவான். எங்கள் அறையிலிருந்தே அந்தக் கணக்கு போகும். நிற்கச் சொல்லவும் முடியாது, போகச் சொல்லவும் முடியாது.

"வண்டிக்குள்ள உக்காராதே" என்றேன். "இறங்கி, தகரத் தடுப்பு இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. பார்க்கிங் விளக்கு எல்லாத்தையும் போட்டு வை."

"விளக்குப் போட்டா ஊரே பாக்குமே."

"பாக்கட்டும் அண்ணா. பாக்கத்தான் சொல்றேன்."

மறுபடி ஒரு லாரி. அது போய் முடிந்தது. அவன் மூச்சு கேட்டது.

"டயர் மாத்தினாரே ஒருத்தர்" என்று தொடங்கினேன்.

"யாரு?"

"வீட்டுக்கு வா, சொல்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் போறியா?"

"சரி சரி" என்றான். ரிசீவரை மாட்டும் சத்தம் கேட்டது. சாலை நின்றுபோனது. ஏ.சி.யின் உறுமல் திரும்பி வந்தது.

போனானா, மறுபடி ஏறிப் படுத்துக் காலை வெளியே நீட்டினானா, விளக்கைப் போட்டானா, எதுவும் தெரியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை, நடுவில் சுவர்.

சோடாபுட்டி தன் நாற்காலியை இழுத்து என்னை ஒட்டினாற்போலப் போட்டுக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினான். இந்தப் பக்கத்துத் திரையை அவன் பார்த்தான், அந்தப் பக்கத்துத் திரையை நான் பார்த்தேன். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

"மணல் லாரி. உள்ளே" என்றான்.

கொஞ்ச நேரத்தில் மணல் லாரி பாலத்து நிழலைவிட்டு வந்தது. "வெளியே" என்றேன்.

"பஸ். உள்ளே."

"வெளியே."

"கார் ரெண்டு. உள்ளே."

"ஒண்ணு... ரெண்டு. வெளியே."

மேடம் இன்னும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த வெந்நீரைக் குடிக்கவில்லை.

"டேங்கர்" என்றான் சோடாபுட்டி. திரைக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தான். "வெளித் தடம். ஓரமா வரான். கோட்டை ஒட்டி வரான். உள்ளே."

நான் அந்தப் பக்கத்து நிழலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.